ஆனி மாதம் மழை பெய்யாது

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் இப்படிச் சொல்வது நன்றிகெட்டத்தனம் என்பார்கள். சொல்லட்டும். அந்தச் சோற்றைத் தின்றவன் நான்; அதில் கிடந்த கல்லைப் பற்றிச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது லோயர் செகண்டரி என்று ஒரு பரீட்சை இருந்தது. மூன்றாம் பாரம், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு, முடிக்கிறவர்கள் எழுதவேண்டியது. தஞ்சாவூர்ப் பையனுக்கும் கோயம்புத்தூர்ப் பையனுக்கும் எங்கள் ஊர்ப் பையனுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள். விடைகளை மூட்டையாகக் கட்டி மெட்ராசுக்கு அனுப்புவார்கள். அங்கே முகம் தெரியாத யாரோ ஒருவர் சிவப்பு மசியைத் தொட்டுக்கொண்டு எங்கள் தலையெழுத்தை எழுதுவார். அவருக்கு எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அதுதான் நியாயம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முகம் பார்த்தால் பட்சபாதம் வந்துவிடுமாம்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு கால்வாயை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூடத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மூன்றாம் பாரத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர். என் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவனை நான் கூட்டாளி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவன் அப்பா கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். அவனுக்குக் கீழே இரண்டு வயதில் ஒரு தம்பி. பள்ளிக்கூடம் விட்டதும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கூட்டாளி எங்களோடு விளையாடவே வருவான்.

அவன் என்னைவிடப் புத்திசாலி. இதை இன்று எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் உருப்போடுகிறவன். புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கேட்டால் சொல்லுவேன். அவன் வரியை மறந்துவிடுவான், விஷயத்தைப் பிடித்துக்கொள்வான். வாத்தியார் கேள்வி கேட்டால் நான் சொல்வது புத்தகத்தின் குரலாக இருக்கும், அவன் சொல்வது அவன் குரலாக இருக்கும். வாத்தியாருக்கு என்னைத்தான் பிடிக்கும்.

அவன் அப்பா ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். பாசானால் பாளையங்கோட்டையில் நாலாம் பாரம் சேர்த்துவிடுவார். பாசாகாவிட்டால் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் மாமன் கடையில் மூட்டை தூக்கவேண்டும். "ஒரு வருசம்தாம்லே. ரெண்டாவது வருசம் உக்காத்தி வைக்க நம்மகிட்ட வயல் இல்ல" என்று அவர் எங்கள் முன்னாலேயே சொன்னார். கூட்டாளி சிரித்தான். அவன் தோற்பான் என்று அவனும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

பங்குனி மாதத்தில் இரண்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்ப் பரீட்சை எழுதினோம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பதினோரு பேர் நம்பர் வரிசையாக இரண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் என்னை மட்டும் முன்னால் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்களோடு உட்காரவைத்தார்கள். அப்போது அது எனக்குத் தண்டனையாகப் பட்டது.

பூகோளத் தாளில் ஒரு கேள்வி வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழ் ஜில்லாக்களில் மழை பெய்யாமலிருப்பதற்குக் காரணம் யாது?

புத்தகத்தில் இதற்கு விடை உண்டு. மேற்கு மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்து, மழையை மலையாளத்துப் பக்கமே பெய்வித்துவிடுகிறது. ஆகையால் மலைக்குக் கிழக்கேயுள்ள பூமி அம்மாதங்களில் வறண்டு கிடக்கும். இதை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். எழுதிவிட்டு, அடியில் கோடும் போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் அந்த மலை எதையும் தடுக்காது. மேகம் உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும். சாரல் அடிக்கும். ஆற்றில் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வரும். அதை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் கார் என்கிற முதல் போகமே நடக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு வருவது பிசானம். தண்ணீர் வந்ததும் கால்வாய் திறப்பதற்கு முதல்நாள் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். தமுக்குக்காரர் தெருத்தெருவாக நின்று, வருஷம் தவறாமல் ஒரே வார்த்தைகளைச் சொல்லுவார்.

"மேமலையில சாரல் உளுந்து ஆத்துல புதுத்தண்ணி வந்திருக்கு. நாளைக்கு விடியக் கால்வா தொறக்காவ. கார் பாவுதவங்க பாவலாம். மடை காக்குதவங்க காக்கலாம்."

பிறந்ததிலிருந்து நாங்கள் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்களுக்குப் பேச்சு வந்ததே இதைச் சொல்லித்தானோ என்னவோ. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு இதைச் சொல்வது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

ஆகவே மழை ஏன் பெய்யவில்லை என்று மெட்ராஸ் கேட்டதும் அந்தப் பதினோரு பேரும் திகைத்திருக்கிறார்கள். பிறகு, கேள்வி கேட்டவருக்கு விஷயம் தெரியவில்லை, பாவம், சொல்லிக்கொடுப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். மேல்மலையில் சாரல் விழுந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வரும். விடியக் கால்வாய் திறப்பார்கள். கார் பாவுகிறவர்கள் பாவலாம். பதினோரு தாளிலும் இதே வாக்கியங்கள், இதே வரிசையில். மெட்ராசில் இருந்தவருக்குப் பதினோரு முறை நாற்றுப் பாவ அனுமதி கிடைத்திருக்கிறது.

வண்டியில் திரும்பும்போது கூட்டாளி என்னைக் கேட்டான். "அந்தக் கேள்விக்கு நீ என்னலே எளுதுன?"

"மலை தடுக்குதுன்னு எளுதுனேன். பொஸ்தகத்துல அப்படித்தான இருக்கு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பொஸ்தகம் எளுதுனவரு நம்மூருக்கு வந்ததில்ல. நீ இங்கனயே கெடந்துக்கிட்டு எப்படிலே எளுதுன?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் இறங்கிப் போய் மற்ற வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வைகாசியில் முடிவு வந்தது. எனக்குப் பாஸ். மற்ற பதினோரு பேருக்கும் பூகோளம் நிறுத்திவைப்பு. எல்லா விடையும் ஒன்றாக இருப்பதால் காப்பி அடித்ததாகச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார். அதுவரை யாருக்கும் சர்டிபிகேட் கிடையாது. யாருக்கும் என்றால் எனக்கும்தான்.

எங்கள் ஹெட்மாஸ்டருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுத்த அங்கீகாரம் போய்விடுமோ என்ற பயம். பையன்கள் போனால் வேறு பையன்கள் வருவார்கள். அங்கீகாரம் போனால் அவர் யார்? பையன்கள் எழுதியதே சரி என்று ஆனால் மெட்ராஸ் கேட்டது தப்பு என்று ஆகும்; மெட்ராசைத் தப்பாக்கிய பள்ளிக்கூடத்தைச் சர்க்கார் விட்டுவைக்காது என்று அவர் கணக்குப் போட்டார். விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் என்னை மட்டும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். மூக்குப்பொடி டப்பாவை விரலால் தட்டிக்கொண்டே பேசினார்.

"ஏலே, நீ ஒருத்தன்தான் சரியா எளுதியிருக்க. நாளைக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், கேட்டியா? அவனுவ எளுதுனதுதான் சரின்னு ஆச்சுன்னா உன்னுது தப்புன்னு ஆகும். உம் பாசும் போவும், பாளையங்கோட்டையும் போவும். புரியுதா?"

எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் சொன்னது உண்மையா என்று யோசிக்கும் வயதுதான் எனக்கு. யோசித்தேன். அது பொய் என்றும் தெரிந்தது. கொடுத்த பாஸை யாரும் பிடுங்கமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த வண்டிப் பேச்சு இன்னும் என் நெஞ்சில் கிடந்தது. புத்திசாலி ஒரு தடவை தோற்றால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மெட்ராஸ் பக்கத்து மனிதர். தலைப்பாகை, மூடிய கோட்டு, காலில் பூட்ஸ். ஆனி மாதம் பாதி தாண்டியிருந்தது. அவர் வந்த வண்டிக்குள் சாரல் அடித்துத் தலைப்பாகை நனைந்து துவண்டிருந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "என்ன ஊர் ஐயா இது? மூணு நாளாகத் துணி காயவில்லை" என்று ஹெட்மாஸ்டரிடம் சிடுசிடுத்துக்கொண்டே உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, ஆனி மாதத்தில் மழை பெய்யும் என்று எழுதிய குற்றத்தை விசாரிக்க ஆரம்பித்தார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய பூட்ஸைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு பேரும் சுவரோரம் நின்றார்கள். யாரைப் பார்த்து யார் எழுதினீர்கள் என்று கேட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். அப்படியானால் வாக்கியம் எப்படி ஒன்றாக இருக்கும் என்றார். கூட்டாளி ஓரடி முன்னால் வந்தான்.

"சார், அது தமுக்குக்காரர் சொல்லுத வார்த்தை. வருசா வருசம் சொல்லுவாரு. எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

"யார் அவன்? அவனுக்குக் கேள்வித்தாள் எப்படிக் கிடைத்தது?"

"கேள்வித்தாள் இல்ல சார். அவருக்கு எளுதப் படிக்கத் தெரியாது. கால்வா தொறக்கப்போ சொல்லுதது."

இன்ஸ்பெக்டருக்கு இது எதுவும் ஏறவில்லை. ஏறாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மேஜைமேல் இருந்த என் தாளை எடுத்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். நான் அவருக்கும் மேற்கு ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நீயும் இந்த ஊர்தானே? நீ சரியாக எழுதியிருக்கிறாய். இவன் சொல்கிற மாதிரி ஒரு தமுக்கு வார்த்தை உண்டா? நீ கேட்டிருக்கிறாயா?"

அவர் கேட்டு முடிக்கிற நேரத்தில் தெருக்கோடியில் தமுக்குச் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று அது வந்ததாக நான் கதை கட்டவில்லை. ஆனி மாதத்தில் அது என்றைக்காவது ஒருநாள் வந்துதானே ஆகவேண்டும்? மெதுவாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சுவரோரம் நின்ற பதினோரு முகமும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது.

கூட்டாளி சத்தம்போட்டான். "சார், அந்தா! அதான் சார்! இப்ப பக்கத்துல வந்திரும், நீங்களே கேளுங்க சார்!"

"என்ன சத்தம் அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹெட்மாஸ்டர் கண்ணிமைக்காமல் சொன்னார். "சாவுக் கொட்டு, சார். மேலத்தெருவில ஒரு கெழவர் போயிட்டாரு. இங்கனதான் எடுத்துட்டுப் போவாங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். என்னைப் பார்த்தார். "அப்படியா?"

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் பயப்படவில்லை. அதை என்னால் இன்றும் பொறுக்கமுடியவில்லை. நான் உண்மையைத்தான் சொல்லுவேன் என்று அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி இருந்தது.

"ஆமா சார். சாவுக் கொட்டு" என்றேன்.

"ஜன்னலச் சாத்துலே. சாரல் வேற அடிக்கி" என்றார் ஹெட்மாஸ்டர்.

சாத்தினேன். இரண்டு மரக்கதவு, ஈரத்தில் ஊதிப்போய் இருந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் தாழ்ப்பாள் போடமுடிந்தது. அறை இருட்டாகிவிட்டது. பக்கத்து அறையில் சின்னப் பையன்களை வாய்ப்பாடு சொல்லும்படி ஹெட்மாஸ்டர் குரல் கொடுத்தார். அவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். தமுக்கு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனது. டும் டும் என்பது மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பவும் கேட்டார், அப்படி ஒரு தமுக்கு வார்த்தையை நீ கேட்டதுண்டா என்று. கேட்டதில்லை சார் என்றேன்.

பதினோரு பேரும் தோற்றதாகத் தாக்கீது வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பரீட்சை எழுதக்கூடாது என்று தடையும் போட்டார்கள். அதற்குமுன் ஹெட்மாஸ்டர் தன் நேர்மையைக் காட்டுவதற்காக அவர்களை இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே வரிசையாக நிறுத்திக் கையில் பிரம்பால் அடித்தார். அங்கீகாரம் பிழைத்தது. அதோடு நின்றாரா? பள்ளிக்கூடத்து முன்னறையில் ஒரு பலகை உண்டு. வருஷாவருஷம் எத்தனை பேர் எழுதினார்கள், நூற்றுக்கு எத்தனை பேர் பாஸ் என்று அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதுவார்கள். காப்பி அடித்தவர்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அவருடைய வாதம். மீதி எழுதியது ஒருவன். பாசானதும் ஒருவன். நூற்றுக்கு நூறு என்று எழுதவைத்தார். அந்த நூறு நான்தான்.

கூட்டாளி கொழும்புக்குப் போகிற அன்று காலை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தான். இடுப்பில் தம்பி இருந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். "சரி, பைய வரட்டும்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நான் ஒருவழியாகத் தேறியிருப்பேன். அவன் எனக்கு அந்த உபகாரத்தையும் செய்யவில்லை.

நான் பாளையங்கோட்டையில் படித்தேன். வாத்தியார் பயிற்சியும் முடித்தேன். சில ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பரீட்சை எழுதிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்கே வந்துசேர்ந்தேன். மூன்றாம் பாரத்துக்குப் பூகோள வாத்தியார். அதற்குள் லோயர் செகண்டரி ஒழிந்துவிட்டது. ஆனாலும் ஊருக்கெல்லாம் ஒரே கேள்வித்தாள் கொடுக்கிற பைத்தியம் ஒழியவில்லை. வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருந்தது. புத்தகமும் அட்டைதான் மாறியிருந்தது. மலை இன்னும் தடுத்துக்கொண்டிருந்தது, பூமி இன்னும் வறண்டு கிடந்தது. முன்னறைப் பலகையில் என் நூறு அப்படியே இருந்தது. நான் அதற்கு அடியில்தான் தினமும் நடந்து போவேன், தலையை நிமிர்த்தாமல்.

அந்த வருஷம் என் வகுப்பில் கூட்டாளியின் தம்பி இருந்தான். நானாகக் கேட்கவில்லை, முகமே சொன்னது. நன்றாகப் படிப்பான். கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்லிவிட்டு உட்காருவான். மற்றப் பையன்களைப் போல என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டான்.

ஆனி மாதம். அந்தப் பாடத்தை நடத்தவேண்டிய நாள் வந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம், ஆனால் ஆடியில் பருவப் பரீட்சை இருந்தது. கேள்வியைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். விடையைச் சொல்ல ஆரம்பித்தேன். மேற்கு மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்து, மழையை மலையாளத்துப் பக்கமே...

தெருக்கோடியில் தமுக்குச் சத்தம் கேட்டது.

நான் நிறுத்திவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தத் தடவை கேட்கவிடலாம், கேட்டதை எழுதுங்கள் என்று சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. வந்து என்ன? நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பையன் பெஞ்சிலிருந்து எழுந்தான். ஒரு வார்த்தை கேட்காமல் மேற்கு ஜன்னலுக்குப் போனான். தோளைக் கொடுத்து இரண்டு கதவையும் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். திரும்பி வந்து தன் இடத்தில் நின்றான்.

"யாருலே உன்னச் சாத்தச் சொன்னது?" என்றேன்.

"எங்க அண்ணன் சார். கொளும்புலேர்ந்து காயிதம் போட்டுருந்தான்."

"என்னன்னு?"

அவன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "ஆனி மாசம் கிளாஸ்ல தமுக்குச் சத்தம் கேட்டா நீயா எந்திரிச்சிப் போயி ஜன்னலச் சாத்திரு. அந்த சாருக்குச் சாவுக் கொட்டு ஆகாதுன்னு எளுதியிருந்தான் சார்."

வகுப்பில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமுக்கு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனது. டும் டும் என்பது மட்டும் கேட்டது.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். எதில் நிறுத்தினோம் என்று கேட்டேன். மலையாளத்துப் பக்கமே, சார், என்றான் முன்பெஞ்சில் ஒருவன். மீதி வாக்கியத்தைச் சொன்னேன். ஆகையால் மலைக்குக் கிழக்கேயுள்ள பூமி அம்மாதங்களில் வறண்டு கிடக்கும். அந்த இருட்டில் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அவனும் எழுதினான்.